சோடா பாட்டிலும் ஒரு நீதிபதியும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமாகிவிட்டது என்று அன்று தாண்டிப் போன ஓரிரு இடங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



முழங்கால் வலி, உயில் எழுதுவது, சிறுதானியம் என்றெல்லாம் கேட்டுப் பழகிய கூட்டம் இது. இங்கே அமெரிக்க நீதிபதி ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாராவது வருவாங்களா சார்?" என்று கேட்டார். வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். நான் வக்கீல் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். பி.காமில் வணிகச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஒட்டிக்கொண்ட ஆர்வம் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

நான் பேசப்போகிறவர் பெயர் ரோஜர் ட்ரெய்னர். ஜிம்முக்கு வருகிற ட்ரெய்னர் இல்லை. கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்தில் 1940 முதல் 1970 வரை முப்பது ஆண்டு நீதிபதி. அதில் கடைசி ஆறு ஆண்டு தலைமை நீதிபதி.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நமக்கு உச்ச நீதிமன்றம் என்றால் டெல்லியில் ஒன்றுதான். அங்கே வாஷிங்டனில் இருப்பது போக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஓர் உச்ச நீதிமன்றம். விபத்து இழப்பீடு, ஒப்பந்தம், கல்யாணம், சொத்து, பெரும்பாலான குற்ற வழக்கு எல்லாம் மாநிலச் சட்டத்தில் வருகிறவை. மாநிலச் சட்டத்துக்கு அர்த்தம் சொல்வதில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் கடைசி வார்த்தை. ஆகவே சாதாரண அமெரிக்கனின் அன்றாட வாழ்க்கையை வாஷிங்டனைவிட இந்த மாநில நீதிபதிகள்தான் அதிகம் தொடுகிறார்கள். கலிபோர்னியாவில் அந்த பெஞ்சில் ஏழு பேர்.

ட்ரெய்னர் பிறந்தது 1900 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வசதி கிடையாது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டமும் சட்டப் பட்டமும் வாங்கினார். அங்கேயே சட்டப் பேராசிரியர் ஆனார்.

அவருடைய சிறப்புப் பாடம் வரி. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும், எனக்குத் தெரியும். ஆனால் என்னை மாதிரி காமர்ஸ்காரனுக்கு இங்கேதான் மனிதர் பிடித்துப் போகிறார். 1933-இல், பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது, கலிபோர்னியாவின் கஜானா காலி. அப்போது கொண்டுவந்த விற்பனை வரிச் சட்டத்தை எழுதியதில் முக்கியமான கை இவருடையது. வரியை எழுதிக் கொடுத்ததோடு விடாமல், வசூலிக்கும் வாரியத்திலேயே உட்கார்ந்து அதை நடத்தியும் காட்டினார். உள்ளூரில் வரி என்றதும் ஜனங்கள் பக்கத்து மாநிலத்தில் போய் வாங்கி வர ஆரம்பிப்பார்கள் இல்லையா? அதற்கு அணை போட 1935-இல் ஒரு 'உபயோக வரி' வந்தது. எங்கே வாங்கினாலும் சரி, இங்கே பயன்படுத்தினால் வரி கட்டு. ஒரு சட்டம் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்பதோடு, கவுன்டரில் அது எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்கிற புத்தி இது. பின்னால் நீதிபதி ஆனபோதும் இந்தப் புத்தி போகவில்லை.

நீதிபதி ஆனதே ஒரு விபத்து. 1940-இல் கவர்னர் கல்பர்ட் ஓல்சன், பெர்க்லியின் இன்னொரு பேராசிரியரான மேக்ஸ் ராடினைத்தான் நியமித்தார். நியமனத்தை உறுதி செய்யும் குழு அவரை ஏற்கவில்லை. அந்தக் குழுவில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அப்போது மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஏர்ல் வாரன். ஆமாம், பிற்காலத்தில் வாஷிங்டனில் தலைமை நீதிபதியாகப் புகழ் பெற்ற அதே வாரன்தான். ராடின் போனதும் கவர்னர் அதே கல்லூரியிலிருந்து ட்ரெய்னரை எடுத்தார். வயது நாற்பது. அதற்கு முன் ஒரு நாள்கூட நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தவர் இல்லை.

இனி வழக்குகளுக்கு வருகிறேன். தொழில்முறைப் பாசத்தில், வங்கி வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1933-இல் சான் டிமாஸ் என்ற சிற்றூர். வயதான, உடம்பு முடியாத ஓர் அம்மாள், தெரிந்த தம்பதி வீட்டில் தங்கியிருக்கிறார். அவருடைய பணம் லாஸ் ஏஞ்சல்ஸ் வங்கியில். அந்த வீட்டுக்காரர், உள்ளூர் வங்கியில் அம்மாள் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கிறார். பிறகு வங்கி ஆட்கள் வீட்டுக்கே வந்து, வைத்தியர் முன்னிலையில், பணத்தை மாற்றுவதற்கான உத்தரவில் அம்மாளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துக்கூட இல்லை, வெறும் கீறல் அடையாளம். நம் கணக்கில் சொன்னால் இடது கைப் பெருவிரல் ரேகை. நான்காயிரம் டாலருக்கு மேல் வருகிறது. வந்த பணத்தை வீட்டுக்காரர் எடுத்து, தன் பெயரிலும் மனைவி பெயரிலும் போட்டுக்கொள்கிறார். அந்த ஆண்டு நவம்பரில் அம்மாள் காலமாகிறார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அதே வீட்டுக்காரருக்கு! அவர் ஒப்படைத்த கணக்கில் இந்தப் பணத்தைக் காணவில்லை.

வங்கியில் வேலை பார்த்தவர்கள் இங்கே நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். உங்கள் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. படுத்த படுக்கையாக இருக்கிறவரிடம் ரேகை வாங்கப் போவது, பக்கத்தில் நிற்கிற உறவினரின் அவசரம், சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்ற தயக்கம், எல்லாம் நாம் பார்த்தவைதான்.

வாரிசுகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயில் நீதிமன்றம் விசாரித்து, அம்மாள் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பணத்தை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விடவில்லை. அடுத்து வங்கிமேல் வழக்கு. சான் டிமாஸ் வங்கி அதற்குள் பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்குள் போயிருந்தது. "அன்பளிப்பு என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதே, மறுபடி எதற்கு?" என்று வங்கி கேட்டது. "நீ அந்த வழக்கில் கட்சிக்காரன் இல்லையே, அந்தத் தீர்ப்பை நீ எப்படிக் காட்டலாம்?" என்பது வாரிசுகளின் வாதம். பழைய சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. 1942-இல் ட்ரெய்னர் அந்தப் பழைய விதியைத் தள்ளிவிட்டார். ஒரு விஷயத்தில் முழு விசாரணை கிடைத்துத் தோற்றவர், எதிராளியை மட்டும் மாற்றிக்கொண்டு அதே கேள்வியை மறுபடி எழுப்ப முடியாது என்றார். இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பு பாடம். தர்க்கம் சரி. ஆனால் என் மனசு அந்த அம்மாள் பக்கம்தான் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சோடா பாட்டில். கலிபோர்னியாவில் ஓர் உணவகத்தில் பரிமாறும் பெண், கோகோ கோலா பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் அடுக்குகிறார். பெட்டி வந்து முப்பத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது, யாரும் தொடவில்லை. மூன்று பாட்டில் வைத்தாயிற்று. நான்காவதை எடுத்து ஒன்றரை அடி நகர்த்தியிருப்பார், கையிலேயே வெடித்துவிட்டது. உள்ளங்கையில் ஐந்து அங்குல நீளத்துக்கு ஆழமான காயம். ரத்தக் குழாய், நரம்பு, தசை எல்லாம் அறுந்துவிட்டன. பரிமாறிப் பிழைக்கிறவருக்குக் கை.

வழக்குப் போட்டால், அந்தக் காலச் சட்டப்படி, கம்பெனி எந்த இடத்தில் அலட்சியமாக இருந்தது என்று அந்தப் பெண்தான் நிரூபிக்க வேண்டும். கண்ணாடியில் விரிசலா, வாயு அதிகமா, யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு, உடைந்த துண்டுகளை உணவகத்தில் யாரோ பெருக்கிக் கொட்டிவிட்டார்கள். நீதிமன்றத்தில் காட்ட எதுவுமே இல்லை.

1944-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கே தீர்ப்பளித்தது. மற்ற நீதிபதிகள் பழைய வழியில் போனார்கள். கவனமாகச் செய்திருந்தால் பாட்டில் தானாக வெடிக்காது, வெடித்ததே அலட்சியத்துக்குச் சாட்சி என்று ஊகிக்கலாம் என்றார்கள். ட்ரெய்னர் முடிவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, காரணத்துக்குத் தனித் தீர்ப்பு எழுதினார். நாம் ஏன் அலட்சியம் என்று ஒரு கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? யாரும் பிரித்துச் சோதிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு பொருளைச் சந்தைக்கு விடுகிறவன், அதன் குறையால் ஒருவர் காயப்பட்டால், அலட்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

அவர் சொன்ன காரணம் கணக்குப் பிள்ளைக்கு உடனே புரியும். ஒரு பேச்சுக்கு, பத்து லட்சம் பாட்டிலில் ஒன்று வெடிக்கிறது, காயப்பட்டவருக்குப் பத்து லட்ச ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டம் அந்த ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தால் குடும்பமே முடிந்தது. கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்து அதை விலையில் சேர்த்தால் பாட்டிலுக்கு ஒரு ரூபாய். எல்லாரும் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார். அதோடு, பாட்டிலைச் சோதித்துக் குறைக்க வழி இருக்கிறவனும் கம்பெனிக்காரன்தான். ஆக அடக்க விலைப் பட்டியலில் இதுவும் ஒரு வரி.

அன்று அவரோடு ஒருவரும் சேரவில்லை, ஏழில் ஒருவராக எழுதினார். எழுதிவிட்டுப் பத்தொன்பது ஆண்டு காத்திருந்தார்.

1963-இல் இன்னொரு வழக்கு வந்தது. 1955 கிறிஸ்துமஸுக்கு ஒரு மனைவி கணவருக்கு மரவேலை இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ரம்பம், துளைப்பான், கடைசல் எல்லாம் ஒன்றிலேயே உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அவர் ஒரு கட்டையைக் கடைந்து கிண்ணம் செய்யும்போது, கட்டை பிடிப்பிலிருந்து பறந்து வந்து நெற்றியில் அடித்தது. பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் போதாதவை என்று சாட்சியம் வந்தது. தயாரிப்பாளர் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? குறை இருந்தால் நியாயமான காலத்துக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், இவர் பத்தரை மாதம் கழித்துத்தானே கொடுத்தார் என்றது. இந்த வாதத்தை நாம் எல்லாரும் எங்கேயாவது ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டிருப்போம். ட்ரெய்னர் ஒத்துக்கொள்ளவில்லை. இது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உத்தரவாதம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, குறையுள்ள பொருளைச் சந்தையில் விட்டதற்கான பொறுப்பு என்றார். இந்த முறை மொத்த பெஞ்சும் அவரோடு. ஜூரி கொடுத்த 65,000 டாலர் நின்றது. அடுத்த ஆண்டே, விற்ற கடைக்காரருக்கும் அதே பொறுப்பு என்று ஒரு கார் வழக்கில் எழுதினார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டன.

நம் நாட்டில் பொருளின் குறைக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே சட்டத்தில் வந்தது 2019-இல், புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை தருபவர் மூவரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். தயாரித்ததில் குறை இருந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. படித்தபோது எனக்கு 1944-தான் ஞாபகம் வந்தது. உபயோகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குக்கரோ கீசரோ வெடித்தால் முதலில் காயத்தைக் கவனியுங்கள். அடுத்து, உடைந்த துண்டுகளை வேலைக்கார அம்மா பெருக்கிவிடாமல் பாருங்கள். பில்லும் துண்டும் போட்டோவும் இருக்கட்டும். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். உதவி எண் 1915.

அடுத்தது, சிரிக்கவும் யோசிக்கவும் ஒன்று. நம் அசோசியேஷன் நிர்வாகிகள் கவனிக்கவும். 1952-இல் குப்பை அள்ளுவோர் சங்கம் ஒன்றின் வழக்கு. சங்க உறுப்பினர் ஒருவரின் வாடிக்கையை இன்னொரு இளைஞர் பிடித்துவிட்டார், அது ஒரு பீர் கம்பெனியின் குப்பை. சங்கத்துக்காரர்கள் அந்த இளைஞரை மிரட்டி, உதைப்போம் என்று சொல்லி, பிராமிசரி நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பணம் வரவில்லை என்று சங்கமே வழக்கும் போட்டது, தைரியத்தைப் பாருங்கள். பயத்தில் நோய்வாய்ப்பட்டு வேலைக்குப் போக முடியவில்லை என்று இளைஞர் எதிர் வழக்குப் போட்டார். யாரும் அவரைத் தொடவில்லை, அடிக்கவில்லை. அப்படியும் ட்ரெய்னர், வேண்டுமென்றே ஒருவரைக் கடும் மன வேதனைக்கு ஆளாக்கினால் அதற்கே இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தார். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். நோட்டீஸ் போர்டில் பெயர் போடுவதும் உதைப்பேன் என்பதும் வேறு வேறு.

ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று. டெண்டர் போடும் நாளில் ஒரு துணை ஒப்பந்தக்காரர் போனில் 7,131 டாலர் 60 சென்ட் என்று விலை சொன்னார், தளம் போடும் வேலைக்கு. அதை நம்பிப் பெரிய ஒப்பந்தக்காரர் டெண்டர் போட்டு ஜெயித்தார். மறுநாள் காலை போனால், "தப்பாகச் சொல்லிவிட்டோம், 15,000-க்குக் குறைந்து முடியாது" என்கிறார்கள். ஏற்றுக்கொள்வதற்கு முன் முனைவைத் திரும்பப் பெறலாம் என்று நாமெல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ட்ரெய்னர் 1958-இல், உன் சொல்லை நம்பி ஒருவன் காரியத்தில் இறங்குவான் என்று தெரிந்து சொன்ன பிறகு உடனே பின்வாங்க முடியாது என்றார். வேறு ஆளை வைத்து 10,948 டாலர் 60 சென்ட்டுக்கு வேலை முடிந்தது. வித்தியாசம் 3,817 டாலரைக் கட்டச் சொன்னார். கழித்துப் பாருங்கள், சென்ட் சுத்தமாக வரும்.

இதுவரை சொன்னவை பணம் சம்பந்தப்பட்டவை. இனி வருவது அப்படியில்லை.

1850 முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளையர் கறுப்பரை மணந்தால் திருமணம் செல்லாது. பின்னால் மங்கோலியர், மலாய் இனத்தவர் என்று பட்டியல் நீண்டது. நம் பஞ்சாப் பக்கமிருந்து அங்கே விவசாயத்துக்குப் போன பலர் மெக்சிகோ வம்சப் பெண்களை மணந்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். பதிவு அலுவலக கிளார்க் இருவரின் தோலையும் பார்த்து, நிறம் ஒத்துப்போகிறது என்று நினைத்தால் லைசென்ஸ் கொடுப்பார். ஒரு கிளார்க்கின் கையில் எவ்வளவு இருந்திருக்கிறது!

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்து வேலை பார்த்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். பெண் மெக்சிகோ வம்சம், சட்டத்தின் கணக்கில் வெள்ளையர். மாப்பிள்ளை கறுப்பர். இருவரும் ஒரே மதம், ஒரே கத்தோலிக்கச் சபை. லாஸ் ஏஞ்சல்ஸ் கிளார்க் லைசென்ஸ் தர மறுத்தார். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதே மாதிரிச் சட்டம் இருந்த காலம். அதுவரை வந்த தீர்ப்பெல்லாம் எதிர்ப் பக்கம்.

1948 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நான்குக்கு மூன்று. எழுதியவர் ட்ரெய்னர். 'எல்லாருக்கும் ஒரே சட்டம்தான், வெள்ளையருக்கும் தடை, கறுப்பருக்கும் தடை, ஆகவே சமம்' என்று அரசு வாதாடியது. அவர் கேட்டது, உரிமை இனத்துக்கா, மனிதருக்கா? ரயிலில் ஒரு பெட்டி இல்லையென்றால் அதே போன்ற இன்னொரு பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். நான் கட்டிக்கொள்ள நினைத்த ஆளுக்குப் பதிலாக உன் இனத்தில் ஒருத்தியைப் பார்த்துக்கொள் என்று சொல்ல முடியுமா? கல்யாண உரிமை என்பதே தனக்குப் பிடித்தவரை மணக்கும் உரிமைதானே. கூடவே ஒரு கணக்குக் கேள்வியும் கேட்டார். கலப்பு வம்சத்தவர் என்றால் எத்தனையில் எத்தனை பங்கு? சட்டத்தில் பதில் இல்லை. வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு வர 1967 ஆயிற்று. நம் ஊரில் கல்யாணத்துக்காக இன்றும் உயிர் போகிற செய்தியைப் படிக்கும்போது, நான்குக்கு மூன்று என்பது எவ்வளவு மெல்லிய வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த மனிதரின் பெருமை அதைவிட இன்னொரு வழக்கில் இருக்கிறது. போலீஸ் சட்டவிரோதமாக வீடு புகுந்து எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்கலாமா? 1942-இல் இந்தக் கேள்வி வந்தபோது, ஏற்கலாம் என்று எழுதியவர் ட்ரெய்னரேதான். குற்றவாளி தப்பக் கூடாது, போலீஸ் செய்த தவறுக்குப் போலீஸ்மேல் தனியாக நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கமான நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியாவில் நம் உச்ச நீதிமன்றம் 1974-இல் ஒரு வருமான வரிச் சோதனை வழக்கில் எடுத்த நிலையும் கிட்டத்தட்ட இதுதான்.

பிறகு பதின்மூன்று ஆண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். எப்போதோ ஒன்று வரும் என்று நினைத்தது தினப்படி வழக்கமாகிவிட்டது. போலீஸ் அதிகாரிகள் சாட்சிக் கூண்டில் ஏறி, கதவை உடைத்தோம், உள்ளே போனோம் என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறார்கள். ஒருவர்மேலும் நடவடிக்கை இல்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் குதிரைப் பந்தயச் சூதாட்டக் கும்பல் ஒன்றின் வழக்கு வந்தது. போலீஸ் தலைவரின் அனுமதியோடு, ஆட்கள் பக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, இழுப்பறை மேஜைக்கு அடியில் ஒட்டுக் கேட்கும் கருவியை வைத்திருக்கிறார்கள். அதையும் கோர்ட்டில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ட்ரெய்னர் பேனாவை எடுத்தார். இப்படிப்பட்ட ஆதாரத்தை இனி ஏற்க முடியாது, வேறு எந்த வழியும் வேலை செய்யவில்லை என்று எழுதினார். தன் சொந்தத் தீர்ப்பையே கவிழ்த்தார். மறுபடியும் நான்குக்கு மூன்று. சூதாட்டக்காரர்களின் தண்டனை ரத்தாயிற்று. போலீஸ் தரப்பு கொதித்தது. ஆறு ஆண்டு கழித்து வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் இதையே விதியாக்கியது.

நாற்பத்திரண்டு வயதில் எழுதியதை ஐம்பத்தைந்து வயதில் மாற்றி எழுதுவது லேசில்லை. அலுவலகத்தில் ஒரு சர்க்குலரைத் திருத்தச் சொன்னால்கூட, போட்டவர் விடமாட்டார் என்பது நமக்குத் தெரியும். அதோடு இதனால் தப்பியவர்கள் நல்லவர்களும் இல்லை. இந்த விதி சரிதானா என்று எனக்கே முழுத் திருப்தி இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலீஸ் செய்த தவறால் வெளியே போவது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் ட்ரெய்னரின் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. வேறு எதுதான் வேலை செய்தது?

இன்னும் இரண்டை ஓட்டமாகச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த பெண், ஊழியர் கவனக்குறைவால் விழுந்து மேலும் முறித்துக்கொண்டார். அரசின்மேல் வழக்கே போட முடியாது என்ற, ராஜா தவறு செய்யமாட்டார் காலத்து விதியை 1961-இல் தூக்கிப் போட்டார். சட்டமன்றம் பதறிப்போய்த் தீர்ப்பைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்துவிட்டு, 1963-இல் ஒழுங்காக ஒரு சட்டம் போட்டது. விவாகரத்தில், இருவர்மேலும் தவறு இருந்தால் இருவருக்கும் விடுதலை இல்லை என்ற விதியையும் 1952-இல் தளர்த்தினார். உடைந்துபோன கல்யாணத்தைக் கட்டிவைப்பதில் யாருக்கும் லாபமில்லை என்பது அவர் எண்ணம்.

இவ்வளவும் செய்தவருக்கு ஓட்டுப் பயமும் உண்டு என்பதுதான் விசேஷம். கலிபோர்னியாவில் நீதிபதியைக் கவர்னர் நியமித்தாலும், அடுத்த தேர்தலில் மக்கள் முன் போக வேண்டும். எதிர் வேட்பாளர் கிடையாது. இவர் தொடரலாமா, ஆம் அல்லது இல்லை. பதவிக்காலம் பன்னிரண்டு ஆண்டு. கல்யாணத் தீர்ப்பும் சூதாட்டத் தீர்ப்பும் எழுதிய ட்ரெய்னர் ஒரு முறையும் தோற்கவில்லை. 1964-இல் கவர்னர் பேட் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதியாக்கினார். ஆனால் அதே நாற்காலிக்குப் பின்னால் வந்த ரோஸ் பேர்ட் என்ற அம்மையார், பேட் பிரவுனின் மகன் நியமித்தவர், 1986-இல் தோற்றார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு 'இல்லை'. மரண தண்டனை வழக்குகளில் ஒன்றில்கூட அவர் தண்டனையை உறுதி செய்யவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அவரோடு இன்னும் இரண்டு நீதிபதிகள் வீட்டுக்குப் போனார்கள். மக்களுக்குப் பதில் சொல்லாத நீதிபதியும் வேண்டாம், ஓட்டை எண்ணிக்கொண்டே தீர்ப்பு எழுதுகிற நீதிபதியும் வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பேன் என்றால், எனக்கு முதலாமவரே தேவலை. 1948-இல் கல்யாணச் சட்டத்தை ஓட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைவருக்கு வேறு கருத்து என்று தெரியும், காபி சாப்பிடும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

1970-இல் அவர் விலகியதற்குச் சொன்ன காரணம் இங்கே இருக்கிற எல்லாருக்கும் பிடிக்கும். எழுபது வயது முடிவதற்குள் விலகினால்தான் ஓய்வூதியப் பலன் முழுசாக நிற்கும். முப்பது ஆண்டில் சுமார் 900 தீர்ப்பு எழுதியவரும் பென்ஷன் விதியைச் சரியாகப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். மற்ற கல்லூரிகள் அறுபத்தைந்து வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்ட பேராசிரியர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரியின் வழக்கமாக இருந்தது. 1983 மே மாதம் பெர்க்லியில், எண்பத்து மூன்றாவது வயதில் காலமானார். மகன் மைக்கேலும் வக்கீலாகி, அமெரிக்கச் சட்டக் கழகத்தின் தலைவராக இருந்தார்.

 கேள்விகள் இருந்தால் கேட்கலாம். அந்த வங்கி வழக்கின் முழுத் தீர்ப்பு வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்.